படக்கதைகளில் மாணவ வீரர் குழுவும் காஞ்சி வரலாறும்

முன்னுரை

படத்தையும் சொல்லையும் ஒருங்கே கொண்டு கதை நடத்தும் படக்கதை என்னும் வகை, சென்ற நூற்றாண்டில் அச்சுத் தொழிலின் வளர்ச்சியோடு உலகெங்கும் பரவியது. தமிழ்நாட்டில் இது சிறுவர் பொழுதுபோக்கு என்னும் அளவிலேயே நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தமையின், இலக்கிய ஆராய்ச்சியில் இதற்குரிய இடம் வாய்த்திலது. ஆயினும், தாம் யார், தமக்குரிய ஆற்றல் யாது, அவ்வாற்றலை எவர்பொருட்டுப் பயன்படுத்தல் வேண்டும் என்னும் வினாக்களை இளம்பருவத்தார் முதன்முதல் எதிர்கொள்ளும் இடங்களுள் படக்கதையும் ஒன்றாகும். ஆதலின் இதனை ஆராய்தல் தமிழாய்வுக்குப் புறம்பானதன்று என யாம் கருதுகின்றோம்.

படக்கதைத் தலைவர்கள் பல வகையினர். அவருள், இயல்பிகந்த ஆற்றல் வாய்ந்த மாணவர் சிலர் ஓர் ஆசிரியரின்கீழ்க் கூடி, ஒருபால் கல்வி பயின்றும் மற்றொருபால் தீமையை எதிர்த்தும் வாழ்வதாகப் புனையப்படும் குழுவினை ஈண்டு 'மாணவ வீரர் குழு' எனக் குறிப்போம். இக்குழு எவ்வாறு தோன்றி வளர்ந்தது? தமிழ்ப் படக்கதைகளில் இஃது ஏன் வேரூன்றவில்லை? தமிழ் மரபிலும், சிறப்பாகக் காஞ்சி நகர வரலாற்றிலும், இதனோடு ஒப்புநோக்கத் தக்கன உளவோ? இம்மூன்று வினாக்களே இக்கட்டுரையின் பொருளாகும்.

காஞ்சியை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. பட்டு நெசவாலும் கோயில்களாலும் இன்று பெயர்பெற்று விளங்கும் அந்நகரம் பண்டு கல்வியாலும் பெயர்பெற்றிருந்தது. அதனை அடுத்துள்ள முசரவாக்கம் போன்ற ஊர்களில் வளரும் ஒரு சிறுவன், அமெரிக்கப் படக்கதைப் பள்ளி ஒன்றனைத் திரைப்படத்தின் வாயிலாக அறிந்திருத்தல் கூடும். தன் ஊர்க்கு அணித்தே கல்லில் செதுக்கப்பட்டுள்ள பன்னீராண்டுச் சிறுவனின் படக்கதையை அவன் அறியாதிருத்தலும் கூடும். இந்நிலையே எம்மை இவ்வாய்விற் புகுத்தியது.

மாணவ வீரர் குழுவின் தோற்றம்

அமெரிக்கப் படக்கதைகளில் இயல்பிகந்த ஆற்றலுடைய வீரர் வரிசை 1938-ஆம் ஆண்டில் சூப்பர்மேன் என்னும் பாத்திரத்தோடு தொடங்கியது. ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் இளைஞர் இருவர் அதனைப் படைத்தனர். அக்காலத்து வீரர் பெரும்பாலும் வளர்ந்த ஆடவர். தனித்து நின்று செயலாற்றுபவர். படிப்போர் சிறுவராகவும் தலைவன் பெரியவனாகவும் இருந்த இவ்விடைவெளியை நிரப்ப வெளியீட்டாளர் இரு வழிகளைக் கையாண்டனர். ஒன்று, தலைவனுக்குச் சிறுவன் ஒருவனைத் துணையாக்குதல். பேட்மேன் கதைகளில் 1940-இல் வந்து சேர்ந்த ராபின் இதற்குத் தக்க சான்று. மற்றொன்று, சிறுவனையே பெரியவனாக மாற்றுதல். அதே ஆண்டில் பெயர்பெற்ற கேப்டன் மார்வெல் கதையில் பில்லி பேட்சன் என்னும் சிறுவன் மந்திரச் சொல் ஒன்றனை மொழிந்த அளவில் முதிர்ந்த வீரனாகின்றான். இரண்டினும் ஆற்றல் பெரியவர் உடம்பிலேயே தங்கியிருத்தல் நோக்கத்தக்கது.

1958-இல் தோன்றிய 'லீஜியன் ஆஃப் சூப்பர்-ஹீரோஸ்' என்னும் குழு, வருங்காலத்து இளைஞர் பலர் கூடிய கழகமாக அமைந்தது. 1962-இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் படைத்த ஸ்பைடர்-மேன், உயர்நிலைப் பள்ளி மாணவன் ஒருவனையே, எப்பெரியவர்க்கும் துணைவனாக்காது, தலைவனாக்கியது. இவ்விரு போக்குகளும் ஒன்றுகூடிய இடமே 1963 செப்டம்பர்த் தேதியிட்டு வெளிவந்த 'எக்ஸ்-மென்' இதழாகும். அதனை எழுதியவர் ஸ்டான் லீ. வரைந்தவர் ஜாக் கிர்பி.

பேராசிரியர் சேவியர் என்பார் சக்கர நாற்காலியில் இருந்து இயங்குபவர். பிறர் மனத்தை அறியும் ஆற்றல் உடையவர். அவர் நியூயார்க் மாநிலத்து வெஸ்ட்செஸ்டர் பகுதியில் தம் மாளிகையையே பள்ளியாக்கி, பிறப்பிலேயே மாறுபட்ட ஆற்றலோடு தோன்றிய மாணவர் ஐவரைச் சேர்க்கின்றார். கண்ணொளியால் தாக்குபவன், பெருவலிமையும் நுண்ணறிவும் ஒருங்குடையவன், சிறகுடையவன், பனியாக உறையவல்லவன், எண்ணத்தால் பொருள்களை அசைக்கவல்ல பெண் ஆகிய இவ்வைவரும் ஒரே வகைச் சீருடை அணிகின்றனர். வெளியுலகம் இவர்களை ஐயுறுகின்றது, அஞ்சுகின்றது, வெறுக்கவும் செய்கின்றது. தம்மை வெறுக்கும் உலகினைக் காத்தலே இவர்கள் கற்கும் பாடத்தின் முடிபு. அடுத்த ஆண்டில் வேறொரு நிறுவனம் தோற்றுவித்த 'டீன் டைட்டன்ஸ்' என்னும் குழுவும் இளைஞர் குழுவே. ஆயின் அதன் உறுப்பினர் முதிர்ந்த வீரர்களின் துணைவராயிருந்து கூடினவர். அதனின்றும் எக்ஸ்-மென்னை வேறுபடுத்துவது பள்ளி என்னும் அமைப்பே எனலாம்.

சுரங்கத் தொழிலாளி மகனும் மொழியறிந்த மாணவனும்

எக்ஸ்-மென் இதழ் தொடக்கத்தில் பெருவெற்றி பெற்றதன்று. 1970 முதல் சில ஆண்டுகள் பழங்கதைகளின் மறுபதிப்பாகவே அது வெளிவந்தது. 1975-இல் லென் வீன், டேவ் காக்ரம் என்னும் இருவர் கென்யா, செருமனி, சோவியத்து நாடு, கனடா முதலிய பல நாட்டினரைக் கொண்டு குழுவினைப் புதுக்கினர். அதன்பின் இக்கதை உலகக் கதையாயிற்று. ஆயின் புதிய உறுப்பினருட் பெரும்பாலோர் வளர்ந்தவர் ஆதலின், மாணவர் என்னும் இயல்பு மங்கியது. அதனை மீட்கும் பொருட்டு 1982-இல் கிரிஸ் கிளேர்மான்ட் எழுத, பாப் மெக்லியோட் வரைய, 'நியூ மியூட்டண்ட்ஸ்' என்னும் மற்றொரு மாணவர் குழு தோன்றிற்று.

இக்குழுவின் அமைப்பு ஆராயத்தக்கது. வியத்நாமிலிருந்து ஏதிலியாக வந்த பெண், ஸ்காட்லாந்துச் சிறுமி, பிரேசில் நாட்டுச் செல்வர் மகன், செயேன் என்னும் தொல்குடிப் பெண், கென்டகி மாநிலத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன் ஆகிய ஐவர் இதன் முதல் மாணவர். இவருட் கடையிற் கூறப்பட்ட சாம் கத்ரி என்பான் கல்வியில் நாட்டமுடையவன். தந்தை இறந்துபடவே குடும்பத்தைத் தாங்கும் பொருட்டுச் சுரங்கத்துட் புகுகின்றான். சுரங்கம் இடிந்து வீழும்போதே அவன் ஆற்றல் வெளிப்படுகின்றது. ஏனைய கதைகளில் ஆற்றல் மின்னலாலோ மருந்தாலோ விண்ணுலகத்தாலோ வருவதாயிருக்க, இங்கே உழைப்பின் நடுவே, உழைப்பு உயிருக்கு இறுதியாகும் வேளையில் வருதல் காண்க. பள்ளி அவனுக்குத் தருவது ஆற்றலன்று. சுரங்கத்துக்குத் திரும்ப வேண்டாத ஒரு வாழ்க்கையை.

மற்றொரு மாணவன் தமிழாய்வாளர் சிறப்பாக நோக்குதற்குரியவன். டக் ராம்சி என்னும் அவனது ஆற்றல் எம்மொழியையும் எவ்வெழுத்தையும் கண்ட அளவில் உணர்தல். போர்க்களத்தில் இவ்வாற்றலாற் பயனில்லை எனத் தோழர் சிலரும், அவனே தானும், எண்ணுகின்றனர். 1988 பிப்ரவரித் தேதியிட்ட 60-ஆம் இதழில் தோழி ஒருத்தியை நோக்கி வந்த துப்பாக்கிக் குண்டினைத் தான் ஏற்று அவன் மாய்கின்றான். அப்போது கதையை எழுதியவர் லூயி சைமன்சன் என்னும் பெண் எழுத்தாளர். மாணவரைப் போருக்கு அனுப்பும் பள்ளி எத்தகைய பள்ளி என்னும் வினா, இம்மறைவினால் அக்கதையுள்ளேயே எழுந்துவிட்டது. இவ்வினாவை நாமும் பின்னர் எதிர்கொள்ள வேண்டியவராவோம்.

தமிழ்ப் படக்கதைகளின் நிலை

தமிழில் சிறுவர்க்குரிய படத்தோடு கூடிய கதையிதழ்களுள் பரந்த புகழ் பெற்றது 1947 சூலையில் தொடங்கிய அம்புலிமாமா ஆகும். நாளிதழ்ப் படக்கதைக்குத் தினத்தந்தியில் 1960-இல் தொடங்கிய கன்னித்தீவு சான்றாகும். தனிப் புத்தகமாக வெளிவரும் படக்கதைக்கு வலுவான அடிப்படையிட்டது சிவகாசியிலிருந்து 1972-இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸ். அதன் முதல் வெளியீடு 'இரும்புக்கை மாயாவி'. 1984-இல் லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ் என்பனவும், வாண்டுமாமாவை ஆசிரியராகக் கொண்ட பூந்தளிர் என்னும் சிறுவர் இதழும் தோன்றின. பேருந்து நிலையங்களிலும் பழைய புத்தகக் கடைகளிலும் கைமாறிக் கைமாறி இவை படிக்கப்பட்டன.

இவ்விதழ்களாற் பெயர்பெற்ற தலைவர்களை எண்ணிப் பார்ப்பின், இரும்புக்கை மாயாவி, ஸ்பைடர், இரும்பு மனிதன் ஆர்ச்சி, டெக்ஸ் வில்லர் என விரியும் அவ்வரிசையில் மாணவர் குழுவினைக் காண்டல் அரிது. துப்பறிவோரும் ஒற்றரும் குதிரை வீரரும் மிகப் பலர். பள்ளி மாணவர் படிப்போராக மட்டுமே உளர். இதற்குரிய காரணத்தை மூலங்களின் வரலாற்றில் தேடல் வேண்டும்.

முத்து, லயன் முதலிய வெளியீடுகள் தொடக்க காலத்தில் பெரிதும் நாடியது அமெரிக்க நிறுவனங்களை அன்று; இங்கிலாந்து நாட்டுச் சிறுவர் வார இதழ்களை. இரும்புக்கை மாயாவியின் மூலமாகிய 'ஸ்டீல் கிளா' 1962-இல் வேலியண்ட் என்னும் வார இதழில் தொடங்கியது. அதன் தலைவன் ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாயிருந்து கையிழந்து இரும்புக்கை பெற்றவன். மின்சாரம் தாக்கிய அளவில் அக்கை ஒழிய உடல் முழுதும் மறையப்பெறுபவன். ஸ்பைடரின் மூலம் 1965-இல் லயன் என்னும் ஆங்கில வார இதழிலே தோன்றியது. சூப்பர்மேனைப் படைத்தோருள் ஒருவராகிய ஜெர்ரி சீகலே பின்னர் அத்தொடரை எழுதினார் என்பதும், ஆகவே தமிழ்ச் சிறுவர் அறியாமலே அவர் கைவண்ணத்தைச் சுவைத்தனர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கன.

இங்கிலாந்து இதழ்களில் பள்ளிக் கதை இல்லாமலில்லை. 1908 முதல் 1940 வரை வெளிவந்த 'தி மேக்னெட்' இதழில் பில்லி பண்டர் என்னும் பெருந்தீனி மாணவன் புகழ்பெற்றான். அவனே பின்னர் வேலியண்ட் இதழிலும் இடம்பெற்றான். ஆயின் அம்மரபில் பள்ளி என்பது நகைச்சுவைக்கு உரிய களம். வியத்தகு ஆற்றலோ பெரியவர்க்கு உரிய உடைமை. ஒரே வார இதழின் இருவேறு பக்கங்களில் இவ்விரண்டும் இருந்தும் ஒன்றனோடொன்று கலந்தில. இம்மூலங்களினின்று நீர் பாய்ந்த தமிழ்ப் படக்கதையில் மாணவ வீரர் குழு தோன்றாமை இயல்பே என்பது எம் கருத்து.

இந்தியாவின் பிற பகுதிகளில் இந்நிலை ஓரளவு மாறியது. இந்தியில் ராஜ் காமிக்ஸ் வெளியிட்ட, 1987-இல் தோன்றிய துருவன் என்னும் தலைவன் இளைஞன்; அவன் தங்கையும் மறைவேடம் பூண்ட வீராங்கனை. 2004-இல் வெளியான இந்திய ஸ்பைடர்-மேன் கதையில் சிற்றூர்ச் சிறுவன் ஒருவன் உதவித்தொகை பெற்று மும்பைப் பள்ளியில் சேர்ந்து, உடையின் பொருட்டு உடன்பயில்வோரால் எள்ளப்படுகின்றான். 1980-இல் அனந்த் பை தொடங்கிய டிங்கிள் இதழ் 2015-இல் மிசோரம் மாநிலத்து ஐசால் நகரச் சிறுமி ஒருத்தியை விண்ணிற் பறக்கும் வீராங்கனையாக்கியது. இவையெல்லாம் தனி மாணவர் கதைகள். ஆற்றலுடையோரை ஒருங்குசேர்க்கும் பள்ளி இவற்றினும் மையமாக அமைந்திலது.

பிள்ளைநிலை

இனித் தமிழ் மரபினை நோக்குவோம். இளையோர் வீரம் தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியர் புறத்திணையியலில் 'பிள்ளைநிலை' என்னும் துறையினை வகுத்துள்ளார். முன் போர் கண்டறியாத இளையோன் எதிர்த்துவரும் தூசிப்படையைத் தானே தாங்கி நிற்றல் அதன் ஒரு கூறு. வாளால் வென்று தானும் வீழ்தல் மற்றொரு கூறு. வென்று மீண்ட இளையோற்குப் பறை முழங்க நாடு கொடுத்து மகிழும் 'பிள்ளையாட்டு' என்பதும் ஆண்டே கூறப்பட்டுள்ளது. புறநானூற்று 77-ஆம் பாட்டு, தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனைச் சிறுவனுக்குரிய அணிகளை அண்மையிற் களைந்தவனாகக் காட்டுகின்றது. 279-ஆம் பாட்டில் தந்தையையும் கணவனையும் களத்தில் இழந்த மறக்குடி மகள் தன் ஒரே மகனையும் போருக்கு அனுப்புகின்றாள்.

இவற்றையும் படக்கதைகளையும் ஒப்பிடுமிடத்து ஓர் உண்மை புலனாகும். பிள்ளைநிலைக்குரிய இளையோன் தன் குடியின் சார்பாக நிற்பவன். அவன் ஆற்றல் குடிப்பிறப்பினின்று வருவது. அவனைக் களத்துக்கு அனுப்புபவள் தாய். மாணவ வீரனோ தன் குடியினின்று பிரிந்து, தன்னைப் போன்ற அயலாரோடு கூடியவன். அவனை அனுப்புபவர் ஆசிரியர். ஆதலின் சங்கச் செய்யுட்களிற் காணப்படும் இளையோர் வீரத்தை மாணவ வீரர் குழுவின் முன்னோடி என்று கூறிவிடுதல் பொருந்தாது. பள்ளி இடைவரும் ஒப்புமையைத் தேடின், நாம் காஞ்சிக்கே செல்லல் வேண்டும்.

காஞ்சிக் கடிகையும் இருவர் வரலாறும்

பல்லவர் காலத்தில் காஞ்சியில் விளங்கிய உயர்கல்வி நிலையம் கடிகை எனப்பட்டது. அரசர் அதனைத் தம் உடைமைபோற் போற்றியதற்கும், அதன்பொருட்டுப் போர் நிகழ்ந்ததற்கும் சான்றுகள் உள. கந்தசிடியன் என்னும் பல்லவன் சத்தியசேனன் என்பானிடமிருந்து கடிகையைக் கைப்பற்றினான் என்றும், இரண்டாம் நரசிம்மவர்மனாகிய இராசசிம்மன் அதனை மீண்டும் நிலைநிறுத்தினான் என்றும் வேலூர்ப்பாளையச் செப்பேடுகள் கூறுகின்றன.

இக்கடிகையை நாடிவந்த மாணவன் ஒருவன் வரலாறு கருநாடக மாநிலத்துத் தாளகுந்தாத் தூண் கல்வெட்டில் உள்ளது. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் கதம்ப மன்னன் சாந்திவர்மன் காலத்தில் குப்சர் என்னும் புலவர் வடமொழியில் யாத்தது அக்கல்வெட்டு. மயூரசர்மன் என்னும் அந்தண மாணவன் தன் ஆசிரியராகிய வீரசர்மரோடு மறை முழுதும் கற்கும் பொருட்டுக் காஞ்சிக் கடிகைக்கு வருகின்றான். ஆண்டுப் பல்லவர் குதிரைப்படையினரோடு நேர்ந்த பூசல் ஒன்றனால் மனம் புண்பட்டு, வேள்விக்குரிய புல்லைப் பற்றிய கையில் வாளைப் பற்றுகின்றான். எல்லைக் காவலரை வென்று, சீபர்வதத்தை நோக்கிய காட்டில் நிலைகொண்டு, இறுதியில் பல்லவராலேயே அரசனாக ஏற்கப்படுகின்றான். கி.பி. நான்காம் நூற்றாண்டில் கதம்பர் அரசு தோன்றிய வரலாறு இது. பள்ளியில் இழிவுற்ற மாணவன் பள்ளியை நீங்கி வீரனாதல் இதன் போக்கு.

மற்றையது காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயிலில் உள்ளது. திருமங்கையாழ்வாராற் பரமேச்சுர விண்ணகரம் எனப் பாடப்பெற்ற இக்கோயிலின் திருச்சுற்று மாளிகைச் சுவர்களில் பல்லவர் குல வரலாறு புடைப்புச் சிற்பங்களாக வரிசையுற அமைக்கப்பட்டுள்ளது. ஒரு பகுதியில் சிற்பங்களுக்கு அருகே நிகழ்ச்சியை விளக்கும் சொற்றொடர்கள் தமிழிலும் கிரந்தத்திலும் பொறிக்கப்பட்டுள்ளன. படமும், படத்தின் பொருளுரைக்கும் எழுத்தும், கட்டம் கட்டமாக நடக்கும் கதையும் ஒருங்கிருத்தலின், இதனைக் கற்படக்கதை என யாம் அழைப்பது மிகையாகாது. இச்சிற்பங்களை விரிவாக ஆராய்ந்து சி. மீனாட்சி அம்மையார் எழுதிய நூல் 1941-இல் தொல்பொருள் ஆய்வுத் துறை வெளியீடாக வந்தது.

அக்கதை வருமாறு: கி.பி. 731-ஐ ஒட்டி இரண்டாம் பரமேசுவரவர்மன் மறைய, நாடு அரசனின்றித் தவிக்கின்றது. அமைச்சரும் பெருமக்களும் கடிகையாரும் கூடிப் பல்லவர் கிளைக்குடியினனாகிய இரணியவர்மனிடம் சென்று அரசன் ஒருவனைத் தருமாறு வேண்டுகின்றனர். அவன் தன் மக்கள் நால்வரையும் வினவுகின்றான். சீமல்லன், இரணமல்லன், சங்கிராமமல்லன் என்னும் மூத்த மூவரும் செல்ல மறுக்கின்றனர். பன்னீராண்டு நிரம்பிய இளையோனாகிய பல்லவமல்லன் 'யான் செல்வேன்' என முன்வருகின்றான். அவ்விளமை கண்டு தந்தை தயங்குகின்றான்; முதியோர் ஒருவர் தேற்றியபின் இசைகின்றான். சிறுவன் மலையும் ஆறும் காடும் பல கடந்து காஞ்சியை அடைந்து, நந்திவர்மன் என்னும் பெயரோடு முடிசூடுகின்றான். அவனை முடிசூட்டியோருள்ளும் கடிகையார் எண்ணப்பட்டுள்ளனர். இவனே பின்னர் அறுபதாண்டுக்கு மேல் அரசாண்டு இக்கோயிலையும் எடுப்பித்தவன்.

இவ்விரு வரலாறுகளிலும் கல்வி நிலையம் வெறுங்களமாக அன்றிக் கதையை இயக்கும் உறுப்பாக உள்ளது. ஒன்றில் கடிகைக்கு வந்தவன் வாளேந்துகின்றான். மற்றொன்றில் கடிகையார் சிறுவனைத் தேடிச் செல்கின்றனர். தகுதியுடைய இளையோரைத் தேடி மாணவராக்கும் பேராசிரியர் சேவியரின் செயலோடு பின்னது ஒரு புடை ஒத்தல் காணலாம். வேற்றுமைகளும் மறைத்தற்குரியன அல்ல. பல்லவமல்லன் மன்னர் குடியிற் பிறந்தவன் என்பதனாலேயே தேடப்பட்டான். மயூரசர்மன் அந்தணன் ஆதலின் கடிகைக்கு உரியவனாயினான். நெசவாளன் மகனோ உழவன் மகனோ அக்கடிகையில் மாணவனாகியதற்குச் சான்று இல்லை. மேலும், பல்லவமல்லனின் படக்கதையை எடுப்பித்தவன் பல்லவமல்லனே. தன் அரசுரிமை ஐயத்துக்கு இடமாகாவண்ணம் 'எல்லோரும் வேண்ட யான் வந்தேன்' என்று கல்லின்வழி அவன் உலகுக்கு உரைத்தான் எனக் கொள்ள இடமுண்டு.

தறியும் பள்ளியும்

காஞ்சிப் பட்டுச் சேலையின் தனிச்சிறப்பு கோர்வை. உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமும் அமைய, இரண்டின் ஊடையும் ஒன்றையொன்று பற்றிப் பிணையுமாறு நெய்வது அது. இதற்கு மூன்று நாடா வேண்டும். நெய்பவரோடு கரைப்பக்கம் அமர்ந்து நாடா வாங்கித் தரும் துணைவர் ஒருவரும் வேண்டும். அத்துணைவர் இடத்தில் நெடுங்காலம் அமர்ந்திருந்தோருட் சிறுவரும் சிறுமியரும் பலர். காஞ்சிபுரம் மாவட்டம் குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புத் திட்டம் நடைபெற்ற மாவட்டங்களுள் ஒன்றாயிருந்தமை இதனை உணர்த்தும்.

1956-இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய பள்ளி நண்பகல் உணவுத் திட்டமும், 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் விரிவுற்ற சத்துணவுத் திட்டமும் ஏழைச் சிறுவர் பலரைப் பள்ளிக்கு ஈர்த்தன. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. 2016-இல் செய்த திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என விலக்கியது. ஆயின் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுதலை விதிவிலக்காக்கியது. வீட்டினுள்ளேயே தறி அமைந்த நெசவூர்களில் இவ்விலக்கின் எல்லை எங்கே முடிகின்றது என்பது இன்றும் எளிதிற் கூறவியலாத வினாவே.

இப்பின்னணியில் நோக்கின், தமிழ்ப் படக்கதையில் மாணவ வீரர் குழு வேரூன்றாமைக்கு மற்றுமொரு காரணமும் உண்டு எனத் தோன்றுகின்றது. பள்ளி என்பது எல்லார்க்கும் எளிதிற் கிட்டிய பின்னரே அது வியப்புக் கதைக்குக் களமாதல் கூடும். அமெரிக்க மாணவனுக்குப் பள்ளி அன்றாடம் செல்லும் இடம்; ஆதலின் அதனுள் இயல்பிகந்த ஆற்றலைப் புகுத்திக் கதை செய்தனர். முத்து காமிக்ஸ் தொடங்கிய காலத்து நெசவூர்ச் சிறுவர் பலர்க்குப் பள்ளியே எட்டாத பொருளாயிருந்தது. தறியில் அமர்ந்தவன் பொழுது கிடைத்துழி விரும்பிப் படித்திருக்கக்கூடியது, நினைத்த மாத்திரத்தில் உருமறைந்து எங்கும் செல்லவல்ல இரும்புக்கையனின் கதையையே அன்றோ! சுரங்கத்தினின்று பள்ளிக்குச் சென்ற கென்டகி மாணவன் கதையே அவனுக்கு மிக அணித்தாயிருந்திருக்கும்; அது தமிழ்ப் படக்கதைகளில் அக்காலத்து அவன் கைக்கு வந்து சேரவில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன சில. மாணவ வீரர் குழுவின் உயிர்நிலை இயல்பிகந்த ஆற்றலினும் பள்ளியே ஆகும். தமிழ்ப் படக்கதை இங்கிலாந்து வார இதழ்களின் வழிப் பிறந்தமையானும், பள்ளி எல்லார்க்கும் உரிய பொருளாதல் காலந்தாழ்ந்தமையானும் அக்குழு ஈண்டு வேரூன்றிற்றிலது. பிள்ளைநிலை என்னும் தொல்மரபு இளையோர் வீரத்தைப் போற்றினும், அது குடியின் வீரமே. பள்ளியின் வீரம் அன்று. காஞ்சிக் கடிகையின் வரலாறு ஒப்புமைக்கு மிக அணித்தாயினும் பிறப்பு என்னும் வேலியைக் கடந்ததன்று.

மொழியறிந்த மாணவனின் மறைவு எழுப்பிய வினாவுக்கு இனி வருவோம். பல்லவமல்லனைக் கடிகையார் நாடியது நாட்டின் தேவைக்காக. சேவியர் மாணவரைச் சேர்த்தது உலகின் காவலுக்காக. கரைப்பக்கம் சிறுவனை அமர்த்தியது குடும்பத்தின் உணவுக்காக. மூவிடத்தும் பெரியோரின் தேவை சிறுவன்மேல் ஏற்றப்பட்டுள்ளது. முன்னிரண்டும் வீரம் எனப் பாராட்டப்பட்டன. மூன்றாவது எவராலும் பாராட்டப்படவில்லை. தமிழில் மாணவ வீரர் குழு ஒன்று தோன்றுமாயின், இவ்வேற்றுமையை அது மறவாதிருத்தல் வேண்டும் என்பது எம் விழைவு.

ஆய்வுலகம் செய்யத்தக்கன இரண்டு உள. தமிழ்ப் படக்கதை இதழ்கள் மலிவுத் தாளில் அச்சிடப்பட்டமையின் விரைந்து மட்கி வருகின்றன. அவற்றைத் தொகுத்து நிலையாகக் காக்கும் பணியைப் பல்கலைக்கழக நூலகங்கள் மேற்கொள்ளல் வேண்டும். வைகுந்தப் பெருமாள் கோயிற் சிற்பங்கள் மணற்கல்லாதலின் தேய்ந்து வருகின்றன. அவற்றின் எழுத்துகளோடு வரிசைப்படுத்தி, இளையோர் படித்தற்கேற்ற எளிய படநூலாக வெளியிடல் வேண்டும். அந்நூல் முசரவாக்கத்துப் பள்ளியின் மாணவர் கைக்குச் சென்று சேருமாயின், பன்னீராண்டுச் சிறுவன் ஒருவன் தன் ஊர்க்கு அணித்தே 'யான் செல்வேன்' என்று கூறிய கதையை அவர்கள் அறிவர். அக்கதையில் தம்மனையோர்க்கு இடமில்லாமையையும் அவர்களே கண்டு வினவுவர். அவ்வினாவினின்று எழும் கதை தமிழுக்குரிய மாணவர் கதையாக அமையும் என்பது எம் துணிபு.